நெருப்பு மந்திரம் யாருக்கு?

பால்மாத் தகரப் பேணிக்குள் இருபது புளியங்கொட்டைகளைப் போட்டு, வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குலுக்கினால் வருகிற சத்தமும், தகரக் கூரையில் மழை தொடங்குகிற சத்தமும் ஒன்றேதான். அந்த மாரியில் மழை விட்ட நேரமெல்லாம் நாங்கள் பேணியைக் குலுக்கிக்கொண்டிருந்தபடியால், எது வானம் எது பேணி என்று விளங்காமல் அம்மா அடுப்படியிலிருந்து கொடியில் காய்ந்த உடுப்பை எடுக்க ஓடி வந்து, வெளித்திருந்த வானத்தை ஒருமுறையும் எங்களை ஒருமுறையும் பார்த்து, "இதுகளுக்குப் பள்ளிக்கூடம் எப்ப திறக்கும்" என்று ஏசிவிட்டுப் போவார். கொட்டைகளில் வெள்ளை நகப்பூச்சால் ஒன்றிலிருந்து இருபது வரை எழுதியிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும்; பெரிய எண் வந்தால் பூதம் சாகும், சின்ன எண் வந்தால் நாங்கள் சாவோம்.

உண்மையில் அதற்கென்றே இருபது முகமுள்ள ஒரு பகடைக் கட்டை இருந்தது. லண்டனிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்திருந்த பெரியப்பாவின் மகன் அதையும், தலையணைத் தடிப்பில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொண்டுவந்து, பத்து நாள் எங்களுக்கு அந்த விளையாட்டைப் பழக்கிவிட்டு, போகும்போது இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். கட்டையைத் தம்பி ஒரு கிழமைக்குள்ளேயே வாய்க்காலில் தொலைத்தான். அவனை அன்றைக்கு நான் அடித்த அடியை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பலகையும் இல்லை, காயும் இல்லை. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள்ளே வாள்காரன், கள்வன், மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேடத்தில் புகுந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன், இனி அதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். செய்தது பலித்ததா என்பதை எண் தீர்மானிக்கும். கதை சொல்பவரின் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்று லண்டன் அண்ணா சொன்னதும், "அப்ப வண்ணக்கர்" என்றான் என் மாமாவின் மகன் கஜன். எங்கள் பக்கத்துக் கோயில்களில் நிர்வாகம் பார்ப்பவரை அப்படித்தான் சொல்வோம். சொன்ன வாய்க்கே பதவியும் போனது. அண்ணா விமானம் ஏறிய பிறகு கஜன்தான் எங்கள் வண்ணக்கர். தம்பி வாள்காரன். நானும் நிரோஜினியும் மந்திரக்காரிகள்.

மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர் எங்களைப் பற்றிச் சொல்கிற பகிடியை யாழ்ப்பாணத்துத் தாய் பெற்ற லண்டன் அண்ணாவும் சொல்லிச் சிரித்தார். எங்களுக்கு ரோசம் வரவில்லை, ஆசைதான் வந்தது. அப்படியொரு மந்திரம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா என்று நாங்கள் தேடினோம். இருந்தது! பாய் இல்லை, ஆனால் ஆளை நின்ற நிலையிலேயே அசையாமல் நிறுத்தும் மந்திரம் ஒன்று இருந்தது. வெள்ளைக்காரனுக்கு இது எப்படித் தெரியும் என்று கஜன் இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தான்.

நிரோஜினி என் வகுப்பு. எங்கள் வளவுக்குப் பின்னால், வயல் வட்டையைப் பார்த்தபடி இருந்த கடைசி வீடு அவர்களுடையது. அவளுடைய அப்பா எங்கள் ஊர் ஆள். லொறி ஓட்டப் போன இடத்தில், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கலியாணம் முடித்து மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தவர். ஊர் அவரது மனைவியை "பதுளைக்காரி" என்றது. நாங்கள் முகத்துக்கு முன்னால் அன்ரி என்போம். நிரோஜினியின் கதையாள் என்னுடையதை விட எப்போதும் ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் கதவை உடைக்க மந்திரம் தேடிக்கொண்டிருக்கும்போது, அவள் காவல்காரனிடம் உன் பிள்ளைக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டுத் திறப்புக் கொத்தை வாங்கிவிடுவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். வெளிப்படையாகவே சொல்கிறேன், பொறாமைதான்.

விளையாட விளையாடக் கதையாள் ஏறிப்போகும் படிகளில் மூன்றாம் படிக்கு வந்தால் மந்திரக்காரருக்குத் தனி வழி உண்டு என்று அண்ணா போகிற போக்கில் சொல்லியிருந்தார். அது என்ன, எப்படி என்று விளக்க அவருக்கு நேரமிருக்கவில்லை. புத்தகத்தில் உள்ளங்கையில் நெருப்பை ஏந்திக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் படம் இருந்தது. நிரோஜினி அதைக் கண்ட நாளிலிருந்தே, "மூண்டாம் படிக்கு வந்தா எனக்கு நெருப்பு" என்று சொல்லி வைத்திருந்தாள். நாங்களும் சரி சரி என்று தலையாட்டியிருந்தோம். மூன்றாம் படி அவ்வளவு கெதியில் வரும் என்று யார் கண்டது?

வந்தது. வாவி நிரம்பி, ஊருக்குள் வரும் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று, டியூசனும் இல்லாமல் போன ஒரு கிழமையில், ஒரே நாளில் நானும் நிரோஜினியும் மூன்றாம் படிக்கு ஏறினோம். எங்களுக்குள் இங்கிலீஷ் ஓரளவு ஓடுவது எனக்கு என்று பேர். ஆகவே புத்தகம் என் மடியில், அகராதி தம்பியின் மடியில். மந்திர வழிகள் மொத்தம் ஏழு என்று வாசித்தேன். நெருப்பின் வழி, காவலின் வழி, இல்லாததை இருப்பதாகக் காட்டும் மாயத்தின் வழி, நடக்கப்போவதை அறியும் குறியின் வழி, மனதை மயக்கும் வழி, ஒன்றை இன்னொன்றாக மாற்றும் வழி, செத்தவரோடு பேசும் வழி. நான் வாசித்து முடிக்கவில்லை, கஜன் தொடையில் தட்டினான்.

"ஏழா? அப்ப இது குடிதானே புள்ள!"

வெளியூர் வாசகர்கள் வேறெதையும் நினைத்துவிடாதீர்கள். குடி என்றால் எங்கள் பக்கத்தில் தாய்வழியாக வருகிற வம்சம். அம்மா எந்தக் குடியோ அந்தக் குடிதான் பிள்ளைகளும். அப்பாவின் குடி அவரோடு சரி. ஒரே குடிக்காரர் சகோதர முறை, கலியாணம் முடிக்க முடியாது. எங்கள் கோயிலில் ஏழு குடிக்கும் ஏழு நாள் திருவிழா. ஒவ்வொரு நாளும் பூசை முடிந்ததும் குடிகளின் பெயரை வரிசையாகச் சத்தம் போட்டுக் கூப்பிட, அந்தந்தக் குடியில் மூத்தவர் முன்னால் போய் வெற்றிலை பாக்கும் தேங்காயும் வைத்த காளாஞ்சியை வாங்குவார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, உலகத்தில் ஏழாகப் பிரிந்திருக்கும் எதுவும் குடியாகத்தானே தோன்றும்?

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க ஆளில்லை. திருவிழா ஒழுங்குப்படி முதல் நாள் குடிக்கு முதலில் எழுதியிருக்கும் நெருப்பு, இரண்டாம் நாள் குடிக்குக் காவல் என்று ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் மந்திரம் பங்கிட்டோம். தபால்காரருக்கு மாயம். கடைக்காரப் பெரியவருக்குக் குறி. கஜனின் குடிக்குக் கடைசி நாள், ஆகவே செத்தவரோடு பேசுகிற வழி. கஜனின் அம்மா, எங்கள் மாமி, கூப்பிடுகிற கூப்பாட்டுக்குச் செத்தவர்களும் எழும்பித்தான் வருவார்கள் என்று தம்பி சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தோம். ஒரே வழியைச் சேர்ந்த இரண்டு மந்திரக்காரர் கதையில் காதலித்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, "ஒண்ணாது, அண்ணன் தங்கச்சி முறை" என்று வண்ணக்கர் உடனே தீர்ப்புச் சொன்னார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "குடி எண்டது கடைச் சாமானா, பாத்துப் பொறுக்கி எடுக்கிறதுக்கு? பொறந்தது பொறந்ததுதான்" என்று, தன்னை யாரும் கேட்காமலே எங்கள் சட்டத்துக்குக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் அம்மாவின் குடி முதல் நாள் குடி. பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அவர் என்னோடு கதைக்கமாட்டார். அப்படி, நான் கேட்காமலே நெருப்பு எனக்கு வந்தது.

பிறகுதான் நிரோஜினியின் முறை வந்தது. அவளுடைய அம்மாவுக்கு எங்கள் ஊர்க் கணக்கில் குடி இல்லை. திருவிழாவில் குடி கூப்பிடும்போது அவளுடைய அப்பா தன் குடிக்காரரோடு போய் முன்னால் நிற்பார். அன்ரியும் நிரோஜினியும் கிணற்றடியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வருடா வருடம் அதைப் பார்த்துக்கொண்டு நாங்களும் அங்கேதான் இருந்தோம். ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று ஒருநாளும் எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்ததில்லை. இப்போது எங்கள் விளையாட்டே அந்தக் கேள்வியைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டது.

"அப்ப நிரோஜினிக்கு வழி இல்ல," என்றான் கஜன், தரையைப் பார்த்துக்கொண்டு. "சும்மா மந்திரக்காரியா இரிக்கலாம்."

அவள் கஜனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "புத்தகத்தில அப்பிடியா கிடக்கு?"

ஏழு வழிகளுக்கும் மேலே தடித்த எழுத்தில் ஒரு வசனம் இருந்தது: இவற்றுள் நீ விரும்பும் ஒன்றைத் தெரிவு செய்துகொள். அகராதி தேவையில்லாத வசனம். எங்கள் இங்கிலீஷ் சோதனைத் தாள்களில் சரியான விடையைத் தெரிவு செய்க என்று ஒவ்வொரு தவணையும் வருகிற அதே சொல். முதல் தரம் வாசித்தபோதே எனக்கு விளங்கியிருந்தது. கஜன் குடி என்று குதித்த குதியில் சொல்லாமல் விட்டேன். நெருப்பு என் பக்கம் வந்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. என் பெருவிரல் அந்த வசனத்தின் மேல் இருந்தது.

"ஓம்," என்றேன்.

அவள் தன் கதையாளின் விபரம் எழுதியிருந்த கொப்பித்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். "மறுகா வாறன்" என்று எழும்பி, மழைக்குள் குடையில்லாமல் நடந்து போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

நாங்கள் விளையாடினோம். விளையாட்டு என்று அதற்குப் பேர்! நெருப்பு கையில் கிடைத்ததும் நான் எல்லாவற்றையும் எரித்தேன். பூதத்தை எரித்தேன், பூதம் காத்துக்கொண்டிருந்த புதையல் பெட்டியை எரித்தேன், நாங்கள் கடக்க வேண்டிய பாலத்தையே அதன்மேல் நின்றுகொண்டு எரித்தேன். "அக்கா, நீ இனி ஒண்டுஞ் செய்யாத," என்று தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். கஜன் கதையை எங்கே கொண்டு போவது என்று தெரியாமல் கொட்டாவி விட்டான். கதவுக்கு வெளியே நின்ற காவல்காரனின் பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க யாரும் இல்லை.

எல்லோரும் போன பிறகு நான் புத்தகத்தைத் திறந்து ஏழு வழியையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக. மாயத்தின் வழிக்காரிக்குத் தன் சொந்த முகம் மறந்துபோகும் ஆபத்து உண்டாம். குறியின் வழிக்காரி நாளைக்கு வரப்போகும் ஒரு எண்ணை இன்றைக்கே எடுத்து ஒளித்து வைத்துக்கொள்ளலாமாம். மாற்றும் வழியில் போனால் மரத்தை ஒரு மணி நேரத்துக்கு வெள்ளியாக்கலாம், அதற்குப் பிறகு அது மறுபடி மரமாகிவிடும். ஒரு மணி நேர வெள்ளியை வைத்துக்கொண்டு ஒருத்தி என்னதான் செய்வாள்? படிக்கப் படிக்க எனக்கு ஆவல் தாங்கவில்லை. கூடவே ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது: எனக்கென்று எதுவும் தராமல் ஏழையும் முன்னால் வைத்திருந்தால் நான் எதை எடுத்திருப்பேன்? நெருப்பை இல்லை. அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பதினாலு வயது வரைக்கும் என்னிடம் யாரும் எதையும் தெரிவு செய்யச் சொன்னதில்லை. எனக்கு எல்லாம் அம்மாவின் வழியாகவே வந்து சேர்ந்திருந்தது. எனக்கு வேண்டாத ஒன்றுக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன் என்று விளங்கியபோது வெட்கமாகிப் போனது.

நாலாம் நாள் காலையில் புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கணுக்கால் சேற்றுக்குள் நடந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்ரி வாசலில் நின்றார். "ஏம்மா, இந்த மழையில நனைஞ்சிக்கிட்டு வர்றீங்க? உள்ள வாங்க, தல தொவட்டுங்க," என்று துவாயைத் தந்து, சுடச்சுட ரொட்டியும் இடிச்ச சம்பலும் முன்னால் வைத்தார். தன் மகளுக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, கேட்கவில்லை. அந்த ரொட்டியை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நிரோஜினி கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனம் ஒன்று இருந்தது. நான் தெரிந்தே பொய் சொன்னேன் என்பது அந்த வசனம். வாய்க்கு வந்தது வேறு.

"நான் பிழையா வாசிச்சிட்டன் புள்ள. திருப்பிப் பாத்தன். குடி எண்டெல்லாம் இல்ல, விருப்பமானத எடுக்கலாமாம்."

"அப்பிடியா," என்றாள். பையைப் பிரித்துப் புத்தகத்தை எடுத்தாள், பக்கத்தைத் தேடாமலே சரியான இடத்தில் திறந்தாள், கொப்பித்தாளை விரித்து ஒரு நொடியும் யோசிக்காமல் "நெருப்பு" என்று எழுதினாள். அது எங்கட என்று ஒரு சொல் என் தொண்டை வரைக்கும் வந்ததே, அதை என்னவென்று சொல்ல! ரொட்டியோடு சேர்த்து விழுங்கினேன். அவள் பேனையை என் பக்கம் நீட்டினாள்.

"நீ எத எடுக்கப் போறாய்?"

பேனையை வாங்கினேன். எழுத ஒன்றும் வரவில்லை.

கஜனுக்குத் தன் சட்டம் உடைந்ததில் கொஞ்சம் முகம் கறுத்தது. ஆனாலும் புத்தகம் சொன்னால் சரி என்று விட்டுவிட்டான். நெருப்பைக் கொண்டு நிரோஜினி செய்த முதல் காரியம் இப்போதும் எனக்கு ஆச்சரியம்தான். எரிந்துபோன பாலத்துக்கு அந்தப் பக்கம் காவல் நின்ற பகைவர்கள் மழையில் நனைந்து நடுங்குவதாகக் கஜன் கதை சொல்ல, அவள் அவர்களுக்கு ஒரு அடுப்பை மூட்டிக் கொடுத்தாள். பதினேழு வந்தது. அவர்கள் குளிர் காய்ந்துவிட்டுத் தோணி அனுப்பி எங்களை அக்கரைக்கு ஏற்றினார்கள். நெருப்பை அப்படியும் பாவிக்கலாம் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். என் மந்திரக்காரிக்கோ வழி முடிவாகவேயில்லை. ஆறுதலாகச் சொல்லு என்று வண்ணக்கர் தவணை தந்தார். வெள்ளம் வடிந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, சாதாரண தரப் பரீட்சை டியூசன்கள் எங்களை ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயின.

இப்போது எனக்கு இருபத்தாறு வயது. கல்லடியில் வாடகை அறையில் இருந்துகொண்டு கந்தோர் வேலைக்குப் போய் வருகிறேன். புத்தகம் இன்னொரு மாரியில் வெள்ளத்தோடு போனது. கஜன் கட்டாரில். வட்டையோரத்து அந்தக் கடைசி வீடு இல்லை. தகப்பன் இறந்த பிறகு நிரோஜினியும் அன்ரியும் வளவை விற்றுவிட்டுப் பதுளைக்குப் போய்விட்டார்கள், அவள் அங்கே ஆஸ்பத்திரியில் தாதி. ஊரில் பிள்ளைகள் இன்றைக்கும் விளையாடுகிறார்கள், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு; ஒருவர் சொல்கிற கதையை நாலு பேர் வாயைப் பிளந்து கேட்டதை நான் பார்த்துக் கனகாலம். குடி கூப்பிடுவது மட்டும் அப்படியே நடக்கிறது, இப்போது ஒலிபெருக்கியில்.

போன மாதம் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கேட்டது வழக்கம்போல என்ன குடி என்பதைத்தான். அம்மா சொன்னார், அவர்கள் தலையாட்டினார்கள், அவர்களுடையது வேறு குடி, பொருந்தியது. மாப்பிள்ளை என்னைத் தனியே பார்த்து, உங்களுக்கு விருப்பமா என்று கேட்டார். யோசிக்க இரண்டு கிழமை கேட்டேன். என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக வாய்விட்டுக் கேட்ட தவணை அது. யோசித்து, ஓம் என்று நானாகச் சொன்ன பிறகு, நிரோஜினியைப் போனில் கூப்பிட்டேன். செய்தியைச் சொல்லி, பகிடி பண்ணி, அன்ரியின் முழங்கால் வலி வரைக்கும் கதைத்து முடிந்ததும், பன்னிரண்டு வருடமாக வாய்க்குள் கிடந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நான் பிழையாக வாசிக்கவில்லை, நிரோஜினி. விளங்கித்தான் ஓம் என்று சொன்னேன்.

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் கேட்டது. பிறகு அவள் சிரித்தாள்.

"தெரியும் புள்ள. எனக்கும் அவ்வளவு இங்கிலீஷ் தெரியுந்தானே, ஒரே வகுப்பு வாங்கிலதானே இருந்தம். புத்தகத்தில என்ன கிடக்கு எண்டு தெரிஞ்சுதான் கேட்டன். நீ என்ன சொல்லுவாய் எண்டு பாக்கத்தான்."

அப்படியென்றால் ஏன் அன்றைக்கே என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, பிறகு எப்படி என்னோடு மறுபடி சேர்ந்தாய் என்று கேட்டேன்.

"இன்னும் ஒரு நாள் பாப்பம், இன்னும் ஒரு நாள் பாப்பம் எண்டு வீட்டில இருந்தன்," என்றாள். "நாலாம் நாள் வந்திட்டாய்தானே."